எட்டு மணி நேரம் யாருக்கு இருக்கிறது?

"ஏம்மா, இவனுங்க எப்பதான் பாடுவானுங்க?"

அப்பா இப்படிக் கேட்டபோது படம் ஓடத் தொடங்கி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. திரையில் நான்கு இளைஞர்கள் ஒரு பெரிய வெற்றுக் கூடத்தில் உட்கார்ந்து ரொட்டியும் தேநீருமாக இருந்தார்கள். ஒருவர் கொட்டாவி விட்டார். ஒருவர் சிகரெட் பற்றவைத்தார். பாடத் தொடங்கிய பாட்டை நடுவில் விட்டுவிட்டு, முதல்நாள் இரவு தொலைக்காட்சியில் என்ன பார்த்தோம் என்று பேசிக்கொண்டார்கள்.

"அப்படித்தாம்பா இந்தப் படம். மொத்தம் எட்டு மணி நேரம், 12 நிமிடம் கம்மி" என்றேன்.

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. போக இடமும் இல்லை. 2021 டிசம்பர், மாநிலம் விட்டு மாநிலம் செல்ல அனுமதி கிடைத்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு தைப்பிங் வீட்டுக்கு வந்திருந்தேன். தைப்பிங் மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் பார்த்தது 'கெட் பேக்'. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எடுத்த பீட்டர் ஜாக்சன், பீட்டல்ஸ் இசைக்குழுவைப் பற்றி மூன்று பாகங்களாகத் தொகுத்த ஆவணப்படம். அந்த ஆண்டு நவம்பர் 25 தொடங்கி மூன்று நாள், நாளுக்கு ஒரு பாகமாக டிஸ்னி பிளஸில் வெளியானது. புதிதாக எடுத்த பேட்டி எதுவும் இல்லை. பின்னணியில் கதை சொல்லும் குரல் இல்லை. 1969 ஜனவரி மாதத்தில் நான்கு பேர் ஓர் இசைத்தட்டுக்குப் பாடல் எழுத முயன்ற 22 நாள்கள், காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே போகும், அவ்வளவுதான்.

நான் வானொலியில் வேலை செய்கிறேன். எங்கள் தொழிலில் நான்கு வினாடி மௌனம் வந்தாலே கட்டுப்பாட்டு அறையில் யாராவது ஓடி வருவார்கள். நேயர்கள் முப்பது வினாடிக்கு மேல் ஒரு பேச்சைக் கேட்க மாட்டார்கள் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட எனக்கே இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் சொன்னவற்றை மறக்க முடியவில்லை. ஒருவர் சொன்னது போல் இன்னொருவர் சொல்லவில்லை என்பதுதான் காரணம்.

நேயர்கள் பார்த்தது

மறு மாதம் எங்கள் காலை நிகழ்ச்சியில் இதைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். "நம்ம நேயர்களுக்கு பீட்டல்ஸ் எதுக்கு?" என்றார் தயாரிப்பாளர். நியாயமான கேள்வி. பத்து நிமிடம் கொடுத்தார். வந்த குரல் பதிவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ஒவ்வொன்றும் நீளம். எட்டு மணி நேரம் பார்த்தவர்கள் சுருக்கமாகப் பேசுவார்களா?

முதலில் வந்தது ஒரு திட்டு. கிள்ளானில் இருந்து ஓர் அண்ணன். "இரண்டு மணி நேரம் பார்த்தேன் சிஸ்டர். ஒரே பாட்டை நாற்பது தடவை ஆரம்பிக்கிறாங்க, ஒரு தடவைகூட முடிக்கல. இதுக்கா மாசம் காசு கட்டுறோம்?" அவர் மிகைப்படுத்தவில்லை. முதல் பாகத்தில் ஒரு பாடல்கூட முழுமையாக வந்ததாக எனக்கு நினைவில்லை. பீட்டல்ஸ் பிரியர்களிலேயே பலர் இதைத்தான் சொன்னார்கள்: பாதியாக வெட்டியிருக்கலாம்.

அடுத்தவர் துணிக்கடை வைத்திருக்கும் மூன்று சகோதரர்களில் நடுவர். அப்பா தொடங்கிய கடை. அப்பா இறந்துவிட்டார். "இது எங்க மாசக் கடைசி கணக்குப் பேச்சு மாதிரியே இருக்கு" என்றார். அவரைத் தொட்ட இடம் எதுவென்று கேட்டேன். பீட்டல்ஸின் மேலாளர் பிரையன் எப்ஸ்டைன் 1967 ஆகஸ்டில் இறந்துபோனார். அவர் போனபிறகு எதுவும் முன்போல் இல்லை, நேரத்துக்கு வா என்று சொல்ல வீட்டில் அப்பா இல்லாதது போல் இருக்கிறது என்கிற பொருளில் பால் மெக்கார்ட்னி ஓர் இடத்தில் பேசுகிறார். துணிக்கடைக்காரர் அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றாராம்.

பெட்டாலிங் ஜெயாவில் வேலை செய்யும் ஒரு பொறியாளர் வயதைக் கணக்குப் போட்டிருந்தார். அந்த ஜனவரியில் ஜான் லெனனுக்கும் ரிங்கோ ஸ்டாருக்கும் 28, பாலுக்கு 26, ஜார்ஜ் ஹாரிசனுக்கு 25. "எனக்கும் 28தான். நான் இன்னும் புரொபேஷன்ல இருக்கேன்" என்று சிரித்தார். நானும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அமைதியானேன். தாடியும் கம்பளிக் கோட்டுமாக அவர்களைச் சின்ன வயதில் பார்த்தபோது எல்லோரும் சித்தப்பாக்கள் மாதிரி தெரிந்தார்கள். இப்போது எல்லோரும் எனக்குத் தம்பிகள்.

ஈப்போவில் இருந்து ஓர் ஆசிரியை ரிங்கோவைப் பற்றி மட்டும் பேசினார். என் அப்பாவும் அதே கட்சி. ஷிஃப்ட் வேலையில் முப்பது வருடம் இருந்தவர் அப்பா. முதல் பாகம் முடிவதற்குள் அவர் தன் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். "அந்த மேளக்காரனைப் பாரு. நேரத்துக்கு வந்து உட்கார்ந்துடறான். மத்தவன் சண்டை போட்டா வாயத் திறக்கிறதில்ல. வாசிம்மான்னா வாசிக்கிறான். அவன் இல்லன்னா இவனுங்க ஒரு வாரம் தாங்க மாட்டானுங்க." பாடல் எழுதிய மேதைகளைப் பற்றி அப்பா கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை. ஜார்ஜ் அழைத்து வந்த ஹரே கிருஷ்ணா பக்தர் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோது மட்டும், "இவன் இங்க என்ன பண்றான்?" என்றார்.

அம்மா சமையலறைக்கும் வரவேற்பறைக்கும் நடந்துகொண்டே பார்த்தவர். அவர் கண் யோகோ ஓனோ மேல். பீட்டல்ஸ் பிரிந்ததற்கு ஜானின் அந்த ஜப்பானியத் துணைவிதான் காரணம் என்பது ஐம்பது வருடப் பழி. இசை தெரியாதவர்களுக்கும் அது தெரியும். நண்பர்களில் ஒருவனுக்குப் புதிதாகக் காதலி வந்து அவன் மாமாக் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டால் நாமே அந்தப் பெண்ணுக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறோம். அம்மா மூன்று தடவை வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்தப் பொண்ணு பாவம், பேப்பர் படிச்சிக்கிட்டு சும்மாதானே உட்கார்ந்திருக்கு. இது என்ன செஞ்சிச்சு?"

இந்தக் கேள்வியைத்தான் உலகம் முழுக்கப் பார்த்தவர்கள் கேட்டார்கள். யோகோ அங்கே செய்தித்தாள் படிக்கிறார், கடிதம் பிரிக்கிறார், ஜானின் அருகில் உட்கார்ந்திருக்கிறார். பாடலுக்குள் கைவைப்பதில்லை. பாலே அவருக்காகப் பேசுகிறார்: அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாக இருக்க விரும்புகிறார்கள், இருக்கட்டுமே, இன்னும் ஐம்பது வருடம் கழித்து யோகோ ஆம்ப்ளிஃபயர் மேல் உட்கார்ந்ததால் இவர்கள் பிரிந்தார்கள் என்று சொன்னால் எவ்வளவு வேடிக்கையாக இருக்கும் என்கிறார். 1969இல் சொன்னது. ஐம்பது வருடம் என்று எப்படிக் கணக்காகச் சொன்னார் என்று தெரியவில்லை. இன்னொரு சாரார், சும்மா உட்கார்ந்திருப்பவர் எதற்கு நாள் தவறாமல் அங்கே வர வேண்டும் என்று எரிச்சல் பட்டார்கள். அதுவும் ஒரு கேள்விதான். ஆனால் ஒரு குழுவை உடைக்கும் கேள்வி இல்லை.

தேநீரிலிருந்து சீனி

இந்த இடத்தில் என் தொழில் சார்ந்த ஒரு வியப்பைச் சொல்லிவிடுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1969இல் இதைப் படம் பிடித்தவர் மைக்கேல் லிண்ட்சே-ஹாக் என்ற இளம் இயக்குநர். லிபியாவில் ஒரு பழைய ரோமானியத் திறந்தவெளி அரங்கில் பீட்டல்ஸ் கச்சேரி வைக்க வேண்டும், ரசிகர்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பவர். ரிங்கோவுக்கு வெளிநாடு போகவே இஷ்டமில்லை. இந்தப் பேச்சுகளைப் பார்த்து என் சக அறிவிப்பாளர் ஒருவர், "நம்ம நிகழ்ச்சித் திட்டக் கூட்டம்தான்" என்றார்.

அவர் எடுத்தது ஏறக்குறைய 60 மணி நேரப் படம், 150 மணி நேர ஒலி. ஒலியெல்லாம் நாக்ரா என்ற கையடக்கக் கருவியில், மோனோவில் பதிந்தது. மோனோ என்றால் எல்லா ஒலியும் ஒரே தடத்தில். கித்தாரும் மேளமும் பேச்சும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கும். கேமராக்காரர்கள் தங்கள் பேச்சைப் பதிகிறார்கள் என்று தெரிந்தபோது, வேண்டுமென்றே கித்தாரை உரக்க மீட்டிக்கொண்டே இவர்கள் ரகசியம் பேசியிருக்கிறார்கள். ஜாக்சனின் ஆட்கள் கணினிக்குக் கித்தார் எது, மேளம் எது, ஜானின் குரல் எது என்று பழக்கிக்கொடுத்து அந்தக் கித்தாரைத் தனியே கழற்றி எடுத்துவிட்டார்கள். கலக்கிய தேநீரிலிருந்து சீனியைப் பிரிப்பது மாதிரி. ஒலிக்கூடத்தில் பதினைந்து வருடமாகக் குப்பை ஒலியோடு மல்லுக்கட்டும் எங்கள் ஒலிப்பதிவாளர் இதைக் கேட்டுவிட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பாராட்டுதான். இதே நுட்பத்தால்தான் ஜான் பழைய கேசட்டில் விட்டுப்போன குரலைப் பிரித்தெடுத்து, 2023 நவம்பரில் 'நவ் அண்ட் தென்' என்று கடைசி பீட்டல்ஸ் பாடலை வெளியிட்டார்கள்.

ஒரு நாள் மதிய உணவு மேசையில் பூந்தொட்டிக்குள் ஒலிவாங்கியை ஒளித்து வைத்தார் லிண்ட்சே-ஹாக். ஒலிக்கூடக் கதவில் சிவப்பு விளக்கு எரியாமல் யார் பேச்சையும் பதியக் கூடாது என்று பழகிய எனக்கு இது உறுத்தியது. ஆனால் காதைப் பொத்திக்கொள்ளவும் இல்லை. அங்கே ஜானும் பாலும் ஜார்ஜைப் பற்றிப் பேசுகிறார்கள். அவருக்கு ஏற்பட்ட காயத்தை நாம்தான் ஆறவிடாமல் புரையோட வைத்தோம், ஒரு கட்டுக்கூடப் போடவில்லை என்கிறார் ஜான். ஏனென்றால் ஜார்ஜ் அப்போது அங்கே இல்லை. மூன்று நாளுக்கு முன்பு எழுந்து போய்விட்டார்.

அந்தக் கதவு

ஜார்ஜ் போன விதம்தான் பார்த்தவர்களில் அதிகம் பேரை உலுக்கிய இடம். சண்டை இல்லை, சத்தம் இல்லை. நாலு நாளுக்கு முன்பு பால் அவருக்குக் கித்தாரை இப்படி வாசி, அப்படி வாசி என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். நீ எப்படிச் சொல்கிறாயோ அப்படி வாசிக்கிறேன், வேண்டாம் என்றால் வாசிக்காமலும் இருக்கிறேன் என்கிறார் ஜார்ஜ், குரலை உயர்த்தாமல். அவர் கொண்டுவரும் பாடல்களை மற்றவர்கள் அரைக் காதால் கேட்கிறார்கள். ஜனவரி 10, மதியச் சாப்பாட்டு நேரத்தில், குழுவை விட்டுப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறார். மற்ற மூவரும் என்ன செய்கிறார்கள் தெரியுமா? சாப்பிட்டுவிட்டு வந்து காது கிழிய வாசிக்கிறார்கள். முதல் பாகம் அதோடு முடிகிறது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் படித்தபோது எங்களுக்கும் ஓர் இசைக்குழு இருந்தது. நால்வர். நான் கீபோர்டு, பாடல் வரிகளும் என்னுடையவை. செர்டாங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் ஜேமிங் ஸ்டுடியோ, மணிக்கு 30 வெள்ளி, நான்கு பேரும் பங்கு போட்டுக்கொள்வோம். கித்தார் வாசித்த நண்பன் நல்ல திறமைசாலி. நான் அவனைச் சும்மா விட்டதே இல்லை. அந்த இடத்தில் இழு, இந்த இடத்தில் நிறுத்து, பல்லவிக்கு முன்னால் உன் வித்தையெல்லாம் வேண்டாம். 2009இல் ஒரு சனிக்கிழமை அவன் கித்தாரைப் பையில் போட்டுக்கொண்டு "நான் அடுத்த வாரத்திலிருந்து வரல" என்றான். நாங்கள் மூவரும் மீதி இருந்த ஒரு மணி நேரத்தை வீணாக்காமல் வாசித்தோம். காசு கட்டியிருந்தோமே.

அதற்குப் பிறகு நாங்கள் சந்தித்தால் சிரிப்போம், பெருநாள் வாழ்த்து அனுப்பிக்கொள்வோம். அந்தச் சனிக்கிழமையைப் பற்றிப் பேசியதில்லை. பன்னிரண்டு வருடமாக எனக்குள் ஒரே கதைதான்: நான் அதட்டியதால் அவன் போனான். வானொலியில் இதை நகைச்சுவையாக எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "கருத்து வேறுபாட்டால் உடைந்த உலகப்புகழ் பெறாத இசைக்குழு" என்று. ஜார்ஜ் அந்தக் கதவைத் தாண்டிப் போனதைப் பார்த்தபோது அந்த நகைச்சுவை தொண்டையில் சிக்கியது. எல்லோரும் படத்தில் தங்களைத் தேடிக்கொண்டிருந்தபோது நான் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் பால்.

அந்தப் பகுதியின் நேரத்தைக் குறித்து, "இதைப் பாரேன். மன்னிச்சிரு" என்று அவனுக்கு அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை.

பால் மீது கோபம் வந்துவிடாமல் காப்பாற்றும் காட்சியும் அதே பாகத்தில்தான் இருக்கிறது. ஜனவரி 7. ஜான் இன்னும் வந்து சேரவில்லை. சும்மா இருக்க முடியாமல் பால் தன் பேஸ் கித்தாரை வேகமாக மீட்டிக்கொண்டு வாய்க்கு வந்ததை முனகுகிறார். ஜார்ஜ் கொட்டாவி விடுகிறார். ரிங்கோ வெறித்துப் பார்க்கிறார். இரண்டு நிமிடம் போவதற்குள் அந்த முனகலில் இருந்து ஒரு மெட்டு தலை நீட்டுகிறது. அதுதான் 'கெட் பேக்' பாடல். வெறுங்கையில் ஒன்று முளைப்பதைக் கண்ணெதிரே பார்க்கிறோம். இந்தத் துண்டைத்தான் எல்லோரும் எல்லோருக்கும் அனுப்பினார்கள். எட்டு மணி நேரத்தைப் பொறுக்காதவர்கள்கூட இந்த இரண்டு நிமிடத்தைப் பார்த்திருப்பார்கள். ஆனால் முன்னால் இருந்த ஒரு மணி நேர அலுப்பைத் தாண்டி வந்தவர்களுக்குத்தான் அது மின்னல் மாதிரி விழும். வெட்டி அனுப்பினால் ஒருவர் கித்தார் வாசிக்கிறார், அவ்வளவுதான்.

அந்தப் பாட்டின் ஆரம்ப வரிகளில் ஒரு கட்டத்தில் பிரிட்டனுக்கு வந்த பாகிஸ்தானியர்கள் வருகிறார்கள் என்பது நம் வீடுகளில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வைக்கும் செய்தி. முந்தைய ஆண்டு ஏப்ரலில் இனோக் பவல் என்ற அரசியல்வாதி குடியேறிகளுக்கு எதிராகப் பேசி நாட்டையே கலக்கியிருந்தார். அப்படிப் பேசுகிறவர்களைக் கிண்டல் செய்யத்தான் அந்த வரிகள். ஒத்திகை நாள்கள் போகப் போக அவை உதிர்ந்து, இரண்டு பாத்திரங்கள் மட்டும் பாட்டில் மிஞ்சினார்கள். 'திரும்பிப் போ' என்று யாராவது சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தப் பாட்டின் தலைப்பு இனி பழைய மாதிரி ஒலிக்காது. எனக்கு ஒலிக்கவில்லை.

ஜார்ஜ் திரும்பி வந்தார். பெரிய மேடைக் கச்சேரிக் கனவைக் கைவிட வேண்டும், குளிரும் அந்த டுவிக்கன்ஹாம் படப்பிடிப்புக் கூடத்தை விட வேண்டும் என்பது அவர் பக்கத்துப் பேச்சு. சவில் ரோ தெருவில் இருந்த சொந்த அலுவலகத்தின் அடித்தளத்துக்கு மாறினார்கள். ஜனவரி 22 அன்று பில்லி பிரெஸ்டன் வந்து மின்பியானோ முன் உட்கார்ந்தார். 22 வயது, ஹாம்பர்க் நாள்களில் இருந்து பழக்கம். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அண்ணன் தம்பி சண்டை எப்படி நின்றுவிடுமோ அப்படி நின்றது. அந்தப் பாடல் வெளியானபோது இசைத்தட்டில் 'பீட்டல்ஸ், பில்லி பிரெஸ்டனுடன்' என்றே பெயர் போட்டார்கள்.

ஜார்ஜ் தன் பாட்டில் ஒரு வரி பல மாதமாக முடியவில்லை என்று சொல்கிறார். வார்த்தை கிடைக்கும்வரை 'காலிஃபிளவர்' என்று எதையாவது போட்டுப் பாடிக்கொண்டே இரு என்கிறார் ஜான். அந்தப் பாட்டு 'சம்திங்'. எங்கள் நிலையத்தில் இப்போது விளம்பர வரி எழுதுகிற பிள்ளைகள் முட்டிக்கொண்டு நின்றால் "காலிஃபிளவர் போட்டு அனுப்பு" என்கிறோம்.

நம் ஊரில் இசைக்குழு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பினாங்கின் அலிகேட்ஸ். ஆறுமுகம் சகோதரர்கள் லோகநாதனும் டேவிட்டும். பெரிய முடியும் மலாய்ப் பாடல்களுமாக நாட்டையே கட்டிப்போட்டவர்கள். லோகா 2007இல் மறைந்தார். அவர்கள் ஒரு பாட்டைத் தேடித் தவிக்கிற எட்டு மணி நேரத்தை யாராவது காட்டினால் நான் சாப்பிடக்கூட எழமாட்டேன்.

மூன்றாம் பாகத்தில் அவர்கள் மாடிக்கு ஏறுகிறார்கள். 1969 ஜனவரி 30, மதியம், குளிர். ஜான் யோகோவின் ரோமக் கோட்டைப் போட்டிருக்கிறார், ரிங்கோ தன் மனைவியின் சிவப்பு மழைக்கோட்டை. 42 நிமிடம். கீழே தெருவில் போகிறவர்களிடம் ஒலிவாங்கியை நீட்டிக் கருத்துக் கேட்கிறார்கள். சிலருக்குச் சந்தோஷம். சிலர் வியாபாரம் கெடுகிறது என்று முகம் சுளிக்கிறார்கள். புகார் வந்து போலீஸ்காரர்கள் கதவைத் தட்ட, வரவேற்பு மேசைப் பெண் ஒன்றும் தெரியாதது போல் நேரத்தைக் கடத்துகிறார். அப்பா அப்போது கைதட்டிச் சிரித்தார். பீட்டல்ஸ் பொதுவெளியில் ஒன்றாக வாசித்தது அதுதான் கடைசி. அது அந்தத் தெருவில் போனவர்களுக்குத் தெரியாது.

எண்பது நிமிடக் கதை

இந்தப் படச்சுருள்களில் இருந்துதான் லிண்ட்சே-ஹாக் 'லெட் இட் பி' என்ற படத்தை எடுத்தார். ஏறக்குறைய 80 நிமிடம். 1970 மே மாதம், பீட்டல்ஸ் பிரிந்த செய்தி வந்த கையோடு வெளியானது. பார்த்தவர்கள் சாவு வீட்டுக்குப் போனவர்கள் மாதிரி பார்த்தார்கள். கித்தாரைப் பற்றிய அந்த வாக்குவாதம் அதிலும் இருந்தது. 'இவர்கள் ஒருவரையொருவர் வெறுத்தார்கள்' என்ற கதை நிலைத்துவிட்டது. பல வருடம் கடைகளில்கூடக் கிடைக்காமல் இருந்து, 2024 மே மாதம்தான் புதுப்பித்து டிஸ்னி பிளஸில் விட்டார்கள். நானும் பார்த்தேன். நல்ல படம். அந்தச் சோகம் அதில் இருக்கிறதா, அல்லது பிரிவு தெரிந்து பார்த்தவர்கள் கொண்டுவந்ததா என்று சொல்ல முடியவில்லை.

எட்டு மணி நேரப் படம் மட்டும் முழு உண்மையா என்றால் அதுவும் இல்லை. 60 மணி நேரத்தில் மிச்சம் எங்கே? தயாரிப்பாளர் பட்டியலில் பால், ரிங்கோ, யோகோ, ஜார்ஜின் மனைவி ஒலிவியா என எல்லாப் பெயரும் இருக்கின்றன. குடும்பத்தார் பணம் போட்டு எடுத்த கல்யாண வீடியோவில் சண்டை இருக்குமா என்று ஒரு நேயர் கேட்டார். நல்ல கேள்வி. இருந்தாலும் ஜார்ஜ் போவதை இவர்கள் வெட்டவில்லையே என்றேன்.

என் நண்பனின் பதில் இரண்டு வாரம் கழித்து வந்தது. குரல் பதிவு, வேன் ஓட்டிக்கொண்டே பேசியது.

"அடியே, ரெண்டு பாகம் பாத்துட்டேன். நல்லாருக்கு லா. ஆனா நீ ஏன் மன்னிப்புக் கேக்கறேன்னு புரியல. நீ திட்டினதுக்கா நான் போனேன்? அதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்ல. அப்ப எங்கப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்ச நேரம். வாரத்துக்கு மூணு நாளு, சனிக்கிழமையும் சேத்து. நான்தான் மோட்டார்ல கூட்டிட்டுப் போகணும். ஜேமிங் காசும் கையில இல்ல. உங்ககிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

கொஞ்ச நேரம் வண்டிச் சத்தம் மட்டும். பிறகு: "ரேடியோவுல நீ அந்தக் கதைய சொல்றப்பல்லாம் கேட்டிருக்கேன். சிரிச்சிருக்கேன். நல்லாத்தான் சொல்ற."

அந்தச் சனிக்கிழமை அவன் பையை எடுத்தபோது யாராவது ஒருவர் ஏன் என்று கேட்டிருக்கலாம். மூன்று பேர் இருந்தோம். அவன் அப்பா அடுத்த ஆண்டே இறந்துபோனார். இறுதிச் சடங்குக்குப் போயிருந்தேன். என்ன நோய் என்று அப்போது கேட்டேனா என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவில்லை. அந்த மாடியில் கேமரா எதுவும் இல்லை.

உடனே கூப்பிட்டேன். வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். என்ன பேசினோம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. நீளமாகப் பேசினோம். கடைசியில் அவன்தான் கேட்டான்.

"மூணாவது பாகம் இன்னும் பாக்கல. மாடிக்கு ஏறிடுவானுங்கதானே?"

"ஏறிடுவானுங்க. நல்ல குளிரு."

"நான் ஜார்ஜ் இல்ல, தெரியுமா. நான் அந்த மேளக்காரன். எந்நேரமும் தூக்கம்."

எங்கள் அப்பாவிடம் சொன்னால் சந்தோஷப்படுவார் என்றேன்.